வன்னியிலிருந்து புதிய சிகிச்சை ஆராய்ச்சி: பணமும் பயிற்சியும் தேடுகிறவர்களுக்கு

பம்பைமடுவிலுள்ள வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ, கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்களிலோ புதிதாக விரிவுரையாளராகச் சேர்ந்திருப்பீர்கள். அல்லது வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் வைத்தியசாலைகள் ஒன்றில் வேலை செய்துகொண்டே மேற்படிப்புக்குப் பதிந்திருப்பீர்கள். ஒரு நோய்க்கு இப்போது கொடுக்கும் மருந்து போதாது, வேறு வழி ஒன்று இருக்க வேண்டும் என்று மனதில் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குப் பணம் யார் தருவார், எங்கே போய்ப் பழகலாம் என்று இணையத்தில் தேடினால் அறிவிப்புகள் வந்து குவியும். பெரும்பாலானவை நமக்குப் பொருந்தாதவை. பொருந்துபவற்றை எந்த வரிசையில் பிடிப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வரிசை முக்கியம். பெரிய நிதியை முதலில் தேடி ஓடுகிறவர்கள் இரண்டு மூன்று நிராகரிப்புகளோடு களைத்துப்போகிறார்கள். நிதி தருபவர் பார்ப்பது கேள்வி தெளிவா, ஆள் பழகியவரா, அனுமதி கிடைக்குமா, கூட யார் நிற்கிறார்கள் என்பதைத்தான். இவை கையில் இருந்தால் பணம் கேட்பது அவ்வளவு கடினமில்லை.

படி 1: கேள்வியை இங்கேயே எடுங்கள்

புதிய சிகிச்சை என்றதும் புதிய மூலக்கூறு ஒன்றைக் கண்டுபிடிப்பது என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். பழைய மருந்தைப் புதிய முறையில் கொடுத்துப் பார்ப்பதும் சிகிச்சை ஆராய்ச்சிதான். அதற்கு இலங்கையிலேயே நல்ல உதாரணம் உண்டு.

பாம்புக்கடிக்கு நாம் ஏற்றும் விஷமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து வருகிறது. அது ஏறும்போது பலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரும். இதைத் தடுக்க முன்கூட்டியே எதைக் கொடுக்கலாம் என்பதில் வைத்தியர்களிடையே ஒருமித்த கருத்து இருக்கவில்லை. இலங்கை ஆய்வாளர்கள் நாட்டின் வைத்தியசாலைகளில் 1007 நோயாளரைச் சேர்த்து, அட்ரினலின், புரோமெதசின், ஹைட்ரோகோர்ட்டிசோன் மூன்றையும் தனித்தும் சேர்த்தும் ஒப்பிட்டார்கள். முடிவு 2011 இல் வெளிவந்தது. அந்த நோயாளரில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு ஏதோ ஒரு ஒவ்வாமை வந்தது. சிறிய அளவு அட்ரினலின் முன்கூட்டியே பெற்றவர்களிடம் கடுமையான ஒவ்வாமை முதல் ஒரு மணி நேரத்தில் 43 சதவீதம் குறைந்தது. மற்ற இரண்டு மருந்துகளாலும் அப்படியொரு பயன் கிடைக்கவில்லை. மூன்றும் எந்த வாட்டிலும் கிடைக்கிற மலிவான மருந்துகள். அவற்றில் எது உண்மையில் வேலை செய்கிறது என்று ஒழுங்காகக் கேட்டதால் கிடைத்த பதில் அது.

பதில் ‘இல்லை’ என்று வந்தாலும் வீணில்லை. நஞ்சு உட்கொண்டவர்களுக்கு, நஞ்சை உறிஞ்சும் மருத்துவக் கரித்தூளைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதால் உயிர் பிழைப்பது கூடுமா என்று இலங்கையின் 3 வைத்தியசாலைகளில் 4632 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2008 இல் வெளிவந்தது. இறப்பில் வித்தியாசம் இல்லை என்பதே முடிவு. அந்த ஆய்வு நடந்த இடங்களில் ஒன்று அனுராதபுரம். வவுனியாவிலிருந்து பஸ் ஏறினால் போய்விடும் தூரம்.

வன்னியில் இப்படியான கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. இந்திய விஷமுறிவு மருந்து 4 வகைப் பாம்புகளின் நஞ்சை வைத்துச் செய்யப்படுகிறது. சிங்களத்தில் குணகட்டுவா என்று சொல்லும் சிறு விரியன் அதில் இல்லை. தோலில் புண்ணாக வரும் லீஷ்மேனியாசிஸுக்குப் புண்ணுக்குள்ளேயே பல தடவை ஊசி போட வேண்டியிருக்கிறது. வயலில் வேலை செய்கிறவர் ஒவ்வொரு தடவையும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு கிளினிக்குக்கு வர வேண்டும். பாதியில் நின்றுவிடுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. சேற்றிலும் நீரிலுமிருந்து தொற்றும் மெலியோடோசிஸுக்கு முதலில் நாளத்தில் ஊசி மருந்து, பிறகு மாதக்கணக்கில் மாத்திரை. காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் உண்டு. போரில் கால் இழந்தவர்களின் செயற்கைக் கால் மாரிச் சேற்றில் எவ்வளவு காலம் தாங்கும் என்பதும் சிகிச்சைக் கேள்விதான். கிளிநொச்சியில் பொறியியல் பீடம் இருக்கிறது, நோயாளரும் அங்கேயே இருக்கிறார்கள். இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அமைந்த இடங்கள் அதிகமில்லை.

ஒரு எச்சரிக்கை. மலேரியாவுக்கு உலகில் நிதி அதிகம் என்பதால் அதைத் தேர்ந்தெடுக்க ஆசை வரும். இலங்கை 2016 இல் மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றுவிட்டது. நோயாளர் இல்லாத இடத்தில் சிகிச்சைப் பரிசோதனை செய்ய முடியாது. ஆய்வுகூட வேலை மட்டும் செய்யலாம்.

கேள்வியை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். யாருக்கு, இப்போது என்ன கொடுக்கிறோம், அதற்குப் பதில் எதைப் பார்க்கப் போகிறோம், எதை அளந்து வெற்றி என்று சொல்வோம். அந்தப் பக்கத்தை அந்த நோயைத் தினமும் பார்க்கும் வைத்தியர் ஒருவரிடமும் தாதி ஒருவரிடமும் காட்டுங்கள். தாதிமார் சொல்லும் திருத்தங்கள் பெரும்பாலும் மிகவும் பயனுள்ளவை. நோயாளர் ஏன் திரும்பி வருவதில்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

படி 2: இலவசப் பயிற்சியை உடனே முடியுங்கள்

இதற்கு யாருடைய பணமும் தேவையில்லை. மருத்துவப் பரிசோதனைகளுக்கான நல்நடைமுறைப் பயிற்சியை ‘குளோபல் ஹெல்த் நெட்வேர்க்’ இணையவழியில் இலவசமாகத் தருகிறது, சான்றிதழும் தரும். ஆராய்ச்சி ஒழுக்கநெறிக்கு ‘ட்ரீ’ என்ற இலவசப் பாடநெறி உண்டு. கட்டுரை எழுதவும் விண்ணப்பம் எழுதவும் ‘ஓதர்எய்ட்’ வகுப்பு நடத்துவதோடு, அனுபவமுள்ள ஆய்வாளர் ஒருவரை வழிகாட்டியாகவும் சேர்த்துவிடும். நமக்குச் சரியாகப் பொருந்துவது இது. பக்கத்து அறையில் கேட்க ஆளில்லாத இடத்தில் இருப்பவர்களுக்காகவே செய்தது போலிருக்கும்.

அடுத்தது உலக சுகாதார நிறுவனத்தில் இயங்கும் டி.டி.ஆர். என்ற சிறப்புத் திட்டம். வறிய நாடுகளின் தொற்றுநோய்களுக்கான ஆராய்ச்சியையும் பயிற்சியையும் 1975 முதல் நடத்தி வருகிறது. கண்டுபிடித்த சிகிச்சையைக் கிராமத்து நோயாளிவரை கொண்டு சேர்ப்பது எப்படி என்ற ஆராய்ச்சிக்கு இலவச இணையப் பாடநெறி வைத்திருக்கிறது. நம் பிராந்தியத்துக்கான அதன் பயிற்சி நிலையம் இந்தோனேசியாவின் கஜ மடா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் கைப்பழக்கம் வேண்டுமென்றால் முதலில் இந்தியாவைப் பாருங்கள். மரபணுப் பொறியியலுக்கும் உயிரித் தொழில்நுட்பத்துக்குமான சர்வதேச நிலையம், ஐ.சி.ஜி.இ.பி., புதுடில்லியில் ஆய்வுகூடம் வைத்திருக்கிறது. இலங்கை அதன் உறுப்புநாடு என்பதால் நம்மவர்கள் அதன் புலமைப்பரிசில்களுக்கும் ஆராய்ச்சி மானியத்துக்கும் விண்ணப்பிக்கலாம். அணிசேரா நாடுகளின் அறிவியல் நிலையம் வழியாக இந்திய அரசு நடத்தும் ஆர்.டி.எஃப்.-டி.சி.எஸ். திட்டத்தில் இந்திய நிறுவனம் ஒன்றில் 6 மாதம்வரை தங்கிப் பழகலாம். 6 மாதம் என்பது பீடாதிபதி லீவு கொடுக்கக்கூடிய காலம், வீட்டையும் சமாளித்துவிடலாம்.

புறப்படும் முன் லீவு விதிகளையும் பிணை உடன்படிக்கையையும் பதிவாளர் பணிமனையில் கேட்டு முழுவதுமாக வாசியுங்கள். கையெழுத்து வைத்த பிறகு வாசித்துப் பயனில்லை.

படி 3: அனுமதிகளுக்குக் காலம் ஒதுக்குங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மனிதரைச் சேர்க்கும் எந்த ஆய்வுக்கும் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவின் அனுமதி வேண்டும். அவர்களுடைய இரத்த மாதிரியோ கிளினிக் கொப்பியோ மட்டும் போதும் என்றாலும் வேண்டும். வவுனியாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் இல்லை. ஆகவே அங்குள்ளவர்கள் யாழ்ப்பாண மருத்துவ பீடத்தின் குழுவையோ வேறு மருத்துவ பீடம் ஒன்றின் குழுவையோ அணுக வேண்டியிருக்கும். அங்கிருந்து ஒருவரை இணை ஆய்வாளராகச் சேர்ப்பது நல்லது. குழு எப்போது கூடுகிறது, அதற்கு எத்தனை நாள் முன்னதாக ஆவணம் போய்ச்சேர வேண்டும் என்பதை முதலிலேயே கேட்டு வையுங்கள். திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள், அது வழமை, மனம் நோக வேண்டியதில்லை.

பிறகு வைத்தியசாலைப் பணிப்பாளரின் அனுமதி, தேவையென்றால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் அனுமதி. கடிதத்தை மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல் நேரில் போங்கள். உங்கள் ஆய்வால் வாட்டில் யாருடைய வேலை கூடும் என்று முதலில் சொல்லிவிடுங்கள். அந்த வேலைக்கு ஆய்வுச் செலவில் ஆள் போடுவேன் என்று சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது.

ஒரு சிகிச்சையை இன்னொன்றோடு ஒப்பிடுகிறீர்கள் என்றால் அது மருத்துவப் பரிசோதனை. முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்னரே இலங்கை மருத்துவச் சங்கம் நடத்தும் பரிசோதனைப் பதிவேட்டில் பதிய வேண்டும். இந்தப் பதிவேடு 2006 இல் தொடங்கியது, உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. பிந்திப் பதிந்தால் நல்ல சஞ்சிகைகள் கட்டுரையைத் தொடமாட்டா. மருந்தோ கருவியோ சம்பந்தப்பட்டால் 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையிடமும் போக வேண்டும். செயற்கைக் கால், காயத்துக்கான பட்டி போன்றவற்றைச் செய்கிறவர்களும் அது தங்களுக்குப் பொருந்துமா என்று எழுதிக் கேட்டுப் பதிலைக் கோப்பில் வையுங்கள்.

சம்மதப் படிவத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போருக்குப் பிறகு வன்னியில் எத்தனையோ பேர் படிவத்தோடு வந்தார்கள். கேட்டார்கள், எழுதினார்கள், போனார்கள். பதில் சொன்ன சனத்துக்கு அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று தெரியாது. நீங்கள் கதவைத் தட்டும்போது அந்த ஞாபகமும் கூட வந்து நிற்கும். ஆகவே படிவத்தை வீட்டில் பேசும் தமிழில் எழுதுங்கள். வவுனியாவில் சிங்களத்திலும் வேண்டும். வேண்டாம் என்றால் சிகிச்சையில் எந்தக் குறையும் வராது என்பதை வாயால் சொல்லுங்கள். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்பவரை விடுங்கள். ஆய்வு முடிந்ததும் முடிவைக் கிராமத்துக்கு வந்து சொல்வோம் என்று எழுதுங்கள், எழுதினால் கட்டாயம் போங்கள். அதற்கான போக்குவரத்துச் செலவைச் செலவுத் திட்டத்திலேயே போட்டுவிடலாம்.

படி 4: சிறிய பணத்தில் தொடங்குங்கள்

உங்கள் பல்கலைக்கழகத்தின் உள்ளக ஆராய்ச்சி மானியம்தான் முதல் வாசல். தொகை சிறிது, போட்டி குறைவு. மாதிரி ஆய்வு ஒன்றைச் செய்து முதல் தரவை எடுக்க அது போதும். அடுத்தது தேசிய விஞ்ஞான மன்றம். ஆராய்ச்சி மானியத்தோடு மாநாட்டுப் பயணத்துக்கும் குறுகிய கால வெளிநாட்டுப் பயிற்சிக்கும் உதவி தருகிறது. பிறகு தேசிய ஆராய்ச்சிப் பேரவை. ஆய்வாளரே தெரிவுசெய்யும் தலைப்புக்கும், தனியார் நிறுவனம் ஒன்றோடு கூட்டாகச் செய்யும் வேலைக்கும் வெவ்வேறு மானியங்கள் வைத்திருக்கிறது. அழைப்புகள் எல்லா நேரமும் திறந்திருக்காது என்பதால் ஒரு பக்கச் சுருக்கமும் செலவுத் திட்டமும் எப்போதும் தயாராக இருக்கட்டும்.

செலவுத் திட்டத்தில் வன்னிக்கென்று சில வரிகள் உண்டு. இரசாயனங்கள் டொலரில் வருகின்றன. 2022 இல் ஒரு டொலர் 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபா அளவுக்குப் போனதை மறக்க வேண்டாம். விலைமனு எடுத்த திகதியையும் நாணய மாற்று வீதத்தையும் குறித்து, வீதம் மாறினால் எந்த வேலையைக் குறைப்பீர்கள் என்றும் எழுதுங்கள். கொழும்பிலிருந்து கிளிநொச்சி 300 கிலோமீற்றருக்கு மேல். குளிரில் வைக்க வேண்டிய பொருள் வழியில் கெடாமல் வர ஒரு செலவு, கரண்ட் போனால் குளிரூட்டியைக் காக்க இன்னொன்று. மதிப்பீட்டாளர் கொழும்பிலோ பேராதனையிலோ இருப்பார், இவையெல்லாம் அவர் நினைவுக்கு வராது. நீங்கள்தான் எழுத வேண்டும்.

பெரிய கருவிக்கு இந்த மட்டத்தில் பணம் கேட்காதீர்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல், மூலக்கூற்று உயிரியல், உயிரித் தொழில்நுட்ப நிறுவனம், கண்டி ஹந்தானையிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனம், கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் ஆகியவற்றில் இருக்கும் கருவிகளைப் பயன்படுத்தலாமா என்று கேளுங்கள். அந்தப் பணத்தில் ஆராய்ச்சி உதவியாளர் ஒருவரை எடுத்து, முதுதத்துவமாணிப் பட்டத்துக்கும் பதிவுசெய்துவிடுங்கள். வன்னிப் பட்டதாரி ஒருவர் இங்கேயே வேலை செய்து பட்டமும் எடுப்பது எந்தக் கருவியையும்விடப் பெரிய சொத்து.

நுண்ணங்கிகளோடு ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு வழி. மெடிசின்ஸ் ஃபோர் மலேரியா வென்ச்சர் என்ற நிறுவனம், மருந்தாகக்கூடிய சேர்மங்களைத் தெரிந்தெடுத்துத் தொகுப்புப் பெட்டிகளாக ஆய்வாளருக்கு இலவசமாக அனுப்பி வருகிறது. ‘பென்டமிக் ரெஸ்பொன்ஸ் பொக்ஸ்’ என்பதில் 400 சேர்மங்கள் உண்டு. கிடைத்த முடிவுகளை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். புதுச் சேர்மம் தயாரிக்க வசதியில்லாத ஆய்வுகூடத்துக்கு இது நல்ல தொடக்கம்.

படி 5: கூட்டாளியைத் தேடுங்கள், ஆனால் மாதிரி அனுப்பும் இடமாகிவிடாதீர்கள்

பெரிய நிதி கூட்டாகச் செய்பவர்களுக்கே அதிகம் போகிறது. பக்கத்திலேயே உதாரணம் ரஜரட்டப் பல்கலைக்கழகம். பிரித்தானியாவின் தேசிய சுகாதார, பராமரிப்பு ஆராய்ச்சி நிறுவனம், என்.ஐ.எச்.ஆர்., நிதி கொடுத்த ‘எக்லிப்ஸ்’ என்ற லீஷ்மேனியாசிஸ் திட்டத்தில் கீல் பல்கலைக்கழகத்தோடும் பிரேசில், எத்தியோப்பிய ஆய்வாளரோடும் அது பங்காளியாக இருந்தது. தலைநகருக்கு வெளியே இருப்பது இப்படியான திட்டத்துக்குத் தடையில்லை. நோயாளர் இருக்கும் இடம் என்பதே பலம்.

அந்தப் பலத்தை மலிவாகக் கொடுத்துவிடக் கூடாது. வெளியிலிருந்து ஒருவர் நூறு இரத்த மாதிரி அனுப்புங்கள், கட்டுரையில் பெயர் போடுகிறோம் என்று கேட்டால் சந்தோஷமாக இருக்கும். கேள்வியும் அவர்களுடையது, பகுப்பாய்வும் அவர்களுடையது, வன்னியில் மிஞ்சுவது வெற்றுக் குழாய்கள் என்ற ஏற்பாட்டுக்கு இணங்காதீர்கள். மாதிரி நாட்டைவிட்டுப் போவதற்கு எழுத்து உடன்படிக்கையும் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியும் வேண்டும். அந்த உடன்படிக்கையில் நான்கு விஷயங்களைக் கேளுங்கள்: எங்கள் ஆளொருவர் உங்கள் ஆய்வுகூடத்தில் பழக வேண்டும், தரவு எங்களிடமும் இருக்க வேண்டும், முதல் ஆசிரியர் இடத்தில் எங்களுக்கும் பங்கு வேண்டும், மிஞ்சிய மாதிரியை வேறு எதற்கும் எங்களைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது. மரியாதையாகக் கேட்டால் நல்ல கூட்டாளி மறுக்கமாட்டார். மறுப்பவரோடு வேலை செய்யாமல் விடுவதே மேல்.

மூலிகையோடு வேலை செய்கிறவர்களுக்கும் இதே கவனம் வேண்டும். காட்டிலிருந்து செடி எடுக்கும் முன் உரிய திணைக்களத்திடம் அனுமதி எடுங்கள். ஒரு பரிகாரியாரின் குடும்ப மருந்தை ஆராய்கிறீர்கள் என்றால், அவருக்கு என்ன பங்கு என்பதை வேலை தொடங்கும் முன் எழுதிக்கொள்ளுங்கள். காப்புரிமை எண்ணம் இருந்தால் மாநாட்டில் பேசும் முன்னரே தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விசாரியுங்கள். முதலில் பேசிவிட்டால் பல நாடுகளில் உரிமை போய்விடும்.

படி 6: இப்போது பெரிய நிதி

முதல் தரவும் கட்டுரை ஒன்றும் கூட்டாளியும் சேர்ந்த பிறகு இவற்றைப் பாருங்கள். லண்டனிலுள்ள வெல்கம் அறக்கட்டளை, குறைந்த, நடுத்தர வருமான நாடுகளின் நிறுவனங்களிலிருந்து ஆராய்ச்சித் தொழிலின் தொடக்கத்தில் இருப்பவர்களும் விண்ணப்பிக்க வழி வைத்திருக்கிறது. என்.ஐ.எச்.ஆர். உலக சுகாதாரத்துக்கென்று தனி அழைப்புகள் விடும். கேட்ஸ் அறக்கட்டளை தொடங்கிய ‘கிராண்ட் சலெஞ்சஸ்’ அழைப்புகள் துணிச்சலான, இன்னும் நிரூபிக்கப்படாத யோசனைக்கு ஏற்றவை. விண்ணப்பம் சுருக்கமாக இருக்கும். கலாநிதிப் படிப்புக்குப் பொதுநலவாயப் புலமைப்பரிசில், பெண்களுக்கு, வளர்முக நாடுகளின் பெண் விஞ்ஞானிகளுக்கான அமைப்பான ஓ.டபிள்யூ.எஸ்.டி. தரும் புலமைப்பரிசில் ஆகியவற்றைப் பார்க்கலாம். இந்த இரண்டுக்கும் தகுதியான நாடுகளின் பட்டியலை அந்தந்த ஆண்டில் சரிபாருங்கள். கலாநிதிப் பட்டம் முடித்து 8 ஆண்டுக்குள் இருப்பவர்கள் ஐரோப்பாவின் மேரி கியூரி புலமைப்பரிசிலுக்கு எந்த நாட்டவராக இருந்தாலும் போகலாம். மாறாக, அடிக்கடி கண்ணில் படும் ஈ.டி.சி.டி.பி., அதாவது மருத்துவப் பரிசோதனைகளுக்கான ஐரோப்பிய, வளர்முக நாடுகளின் கூட்டு நிதியம், முக்கியமாக ஆபிரிக்காவுக்கானது. அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

ஒவ்வொரு அழைப்பிலும் முதலில் தகுதிப் பக்கத்தை வாசியுங்கள்: விண்ணப்பிப்பது நீங்களா, பல்கலைக்கழகமா? வெளிநாட்டுப் பணம் பல்கலைக்கழகக் கணக்கு வழியாகத்தான் வரும். துணைவேந்தரின் கையெழுத்தும் நிதியாளரின் கடிதமும் தேவைப்படும். கடைசித் திகதிக்கு முதல்நாள் கோப்போடு போய் நிற்காமல், அழைப்பு வந்த கிழமையே நிதியாளர் பணிமனைக்குப் போய் என்னென்ன கடிதம் வேண்டும் என்று பட்டியல் கொடுத்துவிடுங்கள்.

நிராகரிப்பு வந்தால் மதிப்பீட்டாளர் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். பல நிதியங்கள் கொடுக்கும். அந்தக் குறிப்பில் ‘இந்த அளவு நோயாளரைச் சேர்க்க முடியுமா’ என்ற சந்தேகம் இருந்தால் உங்கள் வைத்தியசாலையின் கிளினிக் பதிவேட்டிலிருந்து கடந்த இரண்டு ஆண்டின் எண்ணிக்கையை, அனுமதியோடு எடுத்து, மாதவாரியாக அட்டவணை போடுங்கள். மாரி காலத்தில் பாம்புக்கடி எத்தனை, நெல் வெட்டுக் காலத்தில் எத்தனை, எத்தனை பேர் இரண்டாம் தடவை வந்தார்கள் என்பது அதில் தெரிய வேண்டும். அடுத்த விண்ணப்பத்தில் அந்த அட்டவணை முதல் பக்கத்தில் இருக்கட்டும்.